புதுப்பிப்பு: மேசா டிரைவர் கட்டி முடித்தாச்சு

திருப்பூரில் பனியன் டிசைன் போடும் பழைய ஐவி பிரிட்ஜ் (இன்டெலின் பழைய சிப்) கணினியில் திரை மினுங்குகிறது; அதற்காக மேசா கிராபிக்ஸ் டிரைவரை (லினக்ஸில் திரைக்காட்சியைக் கவனிக்கும் மென்பொருள்) மூலநிரலிலிருந்து கட்டினால், அதாவது கம்பைல் செய்தால், பாதியில் நிற்கிறது என்று கேட்டிருந்தேன். தீர்ந்தது. சிக்கல் 4 ஜிபி ரேம்தான்: கட்டும் வேலையை ஓட்டும் நிஞ்சா கருவி பிராசசரின் எல்லா கோரிலும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்ய, நினைவகம் தீர்ந்து, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கம்பைலரை நடுவிலேயே நிறுத்திவிடுகிறது. இணை வேலைகளை இரண்டாகக் குறைத்தேன். எதையெல்லாம் கட்ட வேண்டும் என்று சொல்லும் மீசன் கருவியில், கேலியம் (மேசாவின் ஓபன்ஜிஎல் டிரைவர் வகை) பட்டியலில் இந்தச் சிப்புக்கான குரோக்கஸ் மட்டும்; வல்கன் (இன்னொரு கிராபிக்ஸ் முறை) டிரைவர் பட்டியல் காலி. (இந்தச் சிப்புக்கு முன்பிருந்த பழைய ஐ965 டிரைவர் 2022-இல் மேசா 22.0-இலேயே போய்விட்டது.) 'ஏனுங்க, புதுக் கணினி வாங்கலாமுல்ல?' என்கிறார் பக்கத்துக் கடை அண்ணன். வாங்கலாம்தான்!

சிஸ்டம் டிரைவர் மேல் இதை நிறுவவில்லை. நிறுவாமலே சோதிக்க உதவும் மீசன் டெவ்என்வ் கட்டளை வழியாக, டிரைவர் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டினால் மேசாவின் புதுப் பதிப்பு எண் காட்டுகிறது. அப்புறம், டிசைன் மென்பொருளில் திரை மினுங்குவது நின்றதா என்று இனிதான் பார்க்க வேண்டும்.