கிட்டாரே இல்லாத ராக் பேண்டு: மார்ஃபின் கேட்டவங்க இருக்கீங்களா?

காசிமேடு_நைட்டு:
நேத்து நைட்டுதான் முதல் தடவ மார்ஃபின் கேட்டேன், அமெரிக்கால பாஸ்டன் பக்கத்துல கேம்பிரிட்ஜ்ல 1989ல ஆரம்பிச்ச பேண்டு, மூணே பேரு. கிட்டார் கெடையாது. சாதாரணமா பேஸ்ல, அதான் கீழ் சுரம் வாசிக்கிற கிட்டார் மாதிரி வாத்தியம், நாலு கம்பி இருக்கும்ல, பாடுற மார்க் சாண்ட்மேன் ரெண்டே கம்பி போட்டு ஸ்லைடால (கம்பி மேல வழுக்குற குழாய்) இழுத்து இழுத்து வாசிக்கிறாரு, கூட ஒரு பாரிடோன் சாக்ஸ் (கனமான கீழ்க்குரல் சாக்ஸஃபோன்), ஒரு ட்ரம்ஸ், அவ்ளோதான். நைட்ல ஹார்பர்லேந்து கப்பல் சங்கு ஊதுமே, நெஞ்சுல வந்து அதிருமே, அந்த சாக்ஸ் அப்டியே இருக்கு. இவ்ளோ கம்மி சாமான்ல எப்டி இவ்ளோ நெறவா இருக்கு? அடுத்து எத கேக்கலாம்?

ராயபுரம்_பேண்டுவீடு:
எங்கப்பா கல்யாண பேண்டு செட்ல சாக்ஸ் வாசிக்கிறவரு, அது ஆல்டோ. பாரிடோன் அதவிட ஒரு ஸ்தாயி கீழ. பேஸ், சாக்ஸ், சாண்ட்மேன் குரல் மூணுமே கீழயே நடக்குது, மேல ட்ரம்ஸ் தவிர எதுவுமே இல்ல, அதான் ஒவ்வொரு அடியும் தனியா தெரியுது. சாக்ஸ் வாசிக்கிற டானா கோலி சில எடத்துல ரெண்டு சாக்ஸ ஒண்ணா வாய்ல வச்சு ஊதுவாரு, ஒரு கைக்கு ஒரு சாக்ஸ். அந்த வீடியோவ அப்பாகிட்ட காட்டுனேன், ஒண்ணும் பேசல, போன கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் காத்துல தனித்தனியா புடிச்சு வெரல ஓட்டி ஓட்டி பாத்துட்டே இருந்தாரு.

வண்ணாரப்பேட்ட_பையன்:
தலைவா போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காத, அந்த பேஸ் அதுல வரவே வராது, பாதிப் பாட்டு காணாம போயிடும். நல்ல ஹெட்போன் போட்டு 1993ல வந்த க்யூர் ஃபார் பெயின் ஆல்பத்த மொதல்லேந்து கடைசி வரைக்கும் கேளு. நம்ம ஏரியால சாவு வீட்ல விடிய விடிய கானா நடக்குமே, ஒரு சட்டி, ஒரு டோலக், ஒரு குரல், தெருவே நெறஞ்சு நிக்கும், எனக்கு இவங்க அந்த ஜாதிதான். சாண்ட்மேன் 1999 ஜூலை 3ஆம் தேதி இத்தாலில பாலஸ்த்ரீனாங்கற ஊர்ல ஸ்டேஜ்லயே மாரடைப்பு வந்து எறந்துட்டாரு, வயசு 46. முடிச்சு வச்சிருந்த ஆல்பம் 2000லதான் வந்துச்சு. நான் அத ரொம்ப லேட்டாதான் கேட்டேன், இன்னும் முழுசா ஒரே மூச்சுல கேக்க முடியல.

காசிமேடு_நைட்டு:
ஹெட்போன்ல கேட்டேன் ப்ரோ, கம்பி மேல ஸ்லைடு உரசுற சத்தம்கூட கேக்குது. ராயபுரம் ப்ரோ, அந்த சாக்ஸ் லைன அப்பா ஆல்டோல வாசிப்பாரா? ஒரு நாள் வந்து கேக்கலாமா?