வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் துப்பாக்கி: ரிவால்வரா, ரெட்டைக்குழலா?

கொல்லைவீடு:

எல்லாருக்கும் வணக்கம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். தெருவுல எங்க வீடுதான் கடைசி. அதைத் தாண்டினா வாய்க்கால், அப்புறம் வயல். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு. நான், மாமியார், ரெண்டு பிள்ளைங்க.

போன மாசம் பக்கத்துத் தெருவுல கொல்லைக் கதவை நெம்பி உள்ள வந்து, தூங்கிட்டிருந்த பாட்டி கழுத்துச் சங்கிலியை அறுத்துட்டுப் போயிட்டானுங்க. அதுலேர்ந்து மாமியார் ராத்திரி தூங்குறதே இல்ல. நெல்லு போட்ட காசெல்லாம் இப்ப பேங்க்லதான் ஏறுது, வீட்ல ரொக்கம்னு ஒண்ணும் கிடையாது. ஆனா வெளிநாட்டுக்காரர் வீடுன்னா நகை இருக்கும்னு நினைப்பாங்கல்ல?

லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வாங்கி வச்சிடலாமான்னு யோசிக்கிறேன். இதுவரைக்கும் தொட்டது கூட இல்ல. பொம்பளைங்களுக்குன்னே லேசா ஒரு ரிவால்வர் வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். முதல் துப்பாக்கியா எது வாங்கலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்"னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அதை வீட்லயே நிறைய கேட்டாச்சு.

வெண்ணாறு:

லைசென்ஸுக்கு அலையறதுக்கு பேசாம ஒரு ஏர்கன் வாங்கிடுங்க அக்கா. போர், அதாவது குழல் ஓட்டை அளவு .177, குண்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸே தேவையில்ல. ஆன்லைன்லயே கிடைக்குது. பாக்க அசல் மாதிரியே இருக்கும், நீட்டினாலே ஓடிடுவான். கூட ஒரு பெப்பர் ஸ்பிரே.

பாபநாசம் ஹவில்தார்:

தங்கச்சி, நான் பட்டாளத்துலேர்ந்து வந்தப்புறம் ஒரு பேங்க்ல கன்மேன் வேலை. சொந்த லைசென்ஸ், சொந்தத் துப்பாக்கி, 12 போர் ரெட்டைக்குழல். அதனால பேச்சு அதைச் சுத்தித்தான் வரும், பொறுத்துக்குங்க.

மொதல்ல தம்பி சொன்ன ஏர்கன். அது பேப்பர்ல குறி பார்த்துப் பழகறதுக்கு. கடப்பாரையோட வந்தவனை அந்தக் குண்டு நிறுத்தாது, கோபப்படுத்தும். அசல் மாதிரி இருக்குங்கறதுதான் அதுல பெரிய ஆபத்தே. துப்பாக்கின்னு நம்பிட்டான்னா ஓடுவான்னு என்ன நிச்சயம்? கையில அரிவாள் வச்சிருக்கறவன் முந்திக்கத்தான் பார்ப்பான். பெப்பர் ஸ்பிரே வாங்குங்க, அது தப்பில்ல. காத்து அடிக்கிற பக்கம் பார்த்து அடிக்கணும்.

நீங்க கேள்விப்பட்ட ரிவால்வர் 'நிர்பீக்'. கான்பூர்ல செய்யறது, 2014ல வந்தது. .32 போர், அரை கிலோ எடை. வந்தப்பவே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல. கைப்பையில அடங்கும்னு ரொம்பப் பேசினாங்க. அடங்கும்தான். ஆனா குழல் குட்டையா இருக்கற எந்தக் கைத்துப்பாக்கியும் பழகாத கைக்கு ஆகாது. மணிக்கட்டு ஒரு நூல் அசைஞ்சா பத்தடி தூரத்துல குண்டு எங்கேயோ போயிடும். பட்டாளத்துல ரைபிள்ல நல்லா சுடுற பையனுங்களே பிஸ்டலைக் கையில கொடுத்தா முழிப்பானுங்க. பயத்துல கை நடுங்கும்போது கேக்கவே வேண்டாம். இதைவிடப் பெரிசா .38, 9 எம்.எம். எல்லாம் தடை செஞ்ச போர். அதுக்கு டெல்லி உள்துறை வரைக்கும் போகணும், உங்க எங்க ஆளுகளுக்குக் கிடைக்காது. யாராவது "வாங்கித் தரேன்"னு சொன்னா அவன் நம்பரையே அழிச்சிடுங்க.

வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டா ரெட்டைக்குழல்தான். 1959 ஆயுதச் சட்டத்துல 13வது பிரிவை எடுத்துப் பாருங்க. உள்ள மரை இல்லாத வழவழப்புக் குழல், நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாம, பாதுகாப்புக்குன்னு கேட்டா லைசென்ஸ் "கொடுக்கணும்"ங்கற மாதிரிதான் எழுதியிருக்கு. கைத்துப்பாக்கிக்கு அந்தச் சலுகை இல்ல. கொடுக்கணும்னு எழுதியிருக்கறதால கொடுத்துடுவாங்கன்னு நினைச்சுடாதீங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு, ஸ்டேஷன்லேர்ந்து விசாரணை, வருவாய்த் துறைப் பக்கமும் விசாரணை, மனநலத்தையும் சேர்த்து டாக்டர் சர்டிபிகேட், 2016 விதிப்படி பயிற்சி எடுத்த சான்று. "உயிருக்கு என்ன ஆபத்து?"ன்னு கேப்பாங்க. பக்கத்துத் தெருவுல நடந்ததுக்கு எஃப்.ஐ.ஆர். இருந்தா அந்த நம்பரை மனுவுல எழுதுங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல வாங்கி மேல்முறையீடு போகலாம்.

ரெட்டைக்குழல் பத்தி ஊர்ல ஒரு பேச்சு உண்டு: "குறியே வேண்டாம், சிதறிப் போயி எல்லாத்தையும் அடிக்கும்." பொய். எல்.ஜி., எஸ்.ஜி. தோட்டாவுல இருக்கற பெரிய குண்டுங்க வீட்டுக் கூடம் அளவு தூரத்துல ஒரு உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும். குறி பார்த்தே ஆகணும். தப்பினா அந்தக் குண்டு கீத்துத் தடுப்பு, ஒத்தைப் பலகைக் கதவு எல்லாத்தையும் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் உங்க பிள்ளைங்க படுத்திருப்பாங்க. எடை மூணு கிலோவுக்கு மேல. தோள்ல இடுக்கில்லாம அணைச்சுப் பிடிக்கலேன்னா முதல் வெடியிலேயே காறை எலும்புகிட்ட கன்னிப்போகும். வயல்ல போயி சுட்டுப் பழக முடியாது, அது கேஸ். திருச்சியில ரைபிள் கிளப் இருக்கு, விசாரிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊரு ஐப்பசி, கார்த்திகை ஈரம். குழலை மடக்கித் திறந்து வெளிச்சத்துக்கு நேரா ஒரு கண்ணை வச்சுப் பாத்தா உள்ள வளையம் வளையமா மின்னணும். அடைமழையில ஒரு வாரம் கவனிக்காம விட்டா அந்த வளையத்துல மிளகு தூவின மாதிரி புள்ளி விழும், துருதான். எண்ணெய்த் துணி போட்டு இழுத்துக்கிட்டே இருக்கணும். அந்தக் காலத்து அட்டைத் தோட்டா ஈரத்துல ஊதி, குழலுக்குள்ளேயே போகாது. இப்ப புனே பக்கம் கிர்கியில செய்யற சக்திமான் பிளாஸ்டிக் தோட்டா பரவாயில்ல, ஆனா அதையும் நெல்லு மூட்டை பக்கத்துல வைக்காதீங்க.

சரி, வாங்கிட்டீங்கன்னே வைங்க. சட்டப்படி பூட்டி வைக்கணும். பிள்ளைங்க இருக்கற வீடு, கட்டாயம் வைக்கணும். துப்பாக்கி ஒரு பீரோவுல, தோட்டா வேற இடத்துல, சாவி உங்க இடுப்புல. கார்த்திகை மாசம், கரண்டு போயாச்சு, தவளைச் சத்தத்துல கதவு நெம்புற சத்தம் காதுல விழுந்ததே லேட்டு. எழுந்து, சாவி எடுத்து, பீரோ திறந்து, இன்னொரு பூட்டு திறந்து, ரெண்டு தோட்டாவை இருட்டுல தடவிப் போட்டு மூடறதுக்குள்ள அவன் கூடத்துக்கு வந்துடுவான். நான் தினமும் கையாளுறவன், எனக்கே அந்த நேரம் போதாது.

அவன் திருடன்தானான்னும் பாக்கணும். உங்க வீடு வாய்க்கால் ஓரம்னு சொல்றீங்க. ராத்திரி டார்ச்சோட மடை பாக்க வர்றவன் இருப்பான், முறைத் தண்ணிக்குச் சண்டை போட்டுட்டு வரப்பு மாறி வர்றவன் இருப்பான், எலி பிடிக்கிறவங்க, நண்டு பிடிக்கிறவங்க. அத்தனை பேர் முதுகுலயும் சாக்குப் பை இருக்கும்.

அதனால இந்த வாரமே செய்ய வேண்டியது கொல்லைக் கதவு. நாதாங்கியை நம்பாதீங்க, உள்பக்கம் இரும்புக் கிரில் போட்டுப் பூட்டுங்க. ஆள் அசைஞ்சா எரியற போகஸ் லைட்டை இன்வெர்ட்டர்ல இணைங்க. ரெண்டு நாட்டு நாய், ஒண்ணு கொல்லையில கட்டாம. படுக்கற ரூமுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள், கையில போன். 112 அடிச்சுட்டு உள்ள இருங்க. மனு வேணா ஒரு பக்கம் ஓடட்டும், அது மாசக்கணக்கு.

கும்பகோணம் வக்கீல்:

ஹவில்தார் அண்ணன் ஆயுதத்தைச் சொல்லிவிட்டார், நான் சுட்ட பிறகு வருவதைச் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரை. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுப்பதில் அவன் உயிர் போனாலும் 41வது பிரிவு உங்களைக் காக்கும். "நம் வீட்டுக்குள் வந்தவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அது பாதிதான். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37 சொல்கிறது. சங்கிலியைப் போட்டுவிட்டு வயலில் இறங்கி ஓடுபவன் முதுகில் சுட்டால் அதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது மிகவும் கடினம். குண்டு முன்னால் நுழைந்ததா பின்னால் நுழைந்ததா என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் தெளிவாக வந்துவிடும். எப்படியும் வழக்குப் பதிவாகும், துப்பாக்கி கைப்பற்றப்படும், தற்காப்பு என்பதை நீங்கள்தான் நீதிமன்றத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

நாட்டுத் துப்பாக்கி பற்றி யாராவது தனிச் செய்தியில் எழுதுவார்கள், எழுதாமல் இருக்க மாட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்து வரை போகலாம்.

கொல்லைவீடு:

ரொம்ப நன்றி அண்ணா, வக்கீல் சாருக்கும். கிரில்லுக்குப் பட்டறையில அளவு எடுக்கச் சொல்லியாச்சு.

முன்னாடியே சொல்லியிருக்கணும், அப்பாகிட்ட ஒரு ரெட்டைக்குழல் இருக்கு. தாத்தா காலத்துது, மிராசு வீட்டு ஏலத்துல எடுத்ததாம். அப்பாவுக்கு இப்ப 74. 2024 மார்ச்ல எலக்‌ஷன் அறிவிச்சதும் துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சாரு, ஜூன்ல எண்ணிக்கை முடிஞ்சப்புறம் போயி எடுக்கவே இல்ல. அண்ணன் சென்னையில, அவனுக்கு இதுல ஆர்வம் இல்ல. அதை எடுத்துட்டு வந்து எங்க வீட்ல வச்சிடலாமா? அப்பா பேர்லதானே லைசென்ஸ் இருக்கு?

பாபநாசம் ஹவில்தார்:

வைக்கவே கூடாது. லைசென்ஸ் ஆளுக்கு, வீட்டுக்கு இல்ல. அப்பா பேர்ல இருக்கறதை நீங்க வச்சிருந்தா வக்கீல் சார் சொன்ன அதே இரண்டு வருஷம்தான்.

ஆனா நேர் வழியே ஒண்ணு இருக்கு. 2016 விதிகள்ல 25வது: லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, 25 வருஷம் வச்சிருந்தாலோ, உயிரோட இருக்கும்போதே வாரிசுல ஒருத்தரைக் காட்டி அவங்க பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம். மகள் தாராளமா கேட்கலாம். அப்பவும் விசாரணை, டாக்டர், பயிற்சி எல்லாம் உங்களுக்கு உண்டு. அண்ணன்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கி வச்சிடுங்க, பின்னாடி பேச்சு வராது. அப்பா லைசென்ஸ் புத்தகத்துல ரெண்டு விஷயம் பாருங்க: புதுப்பிச்ச தேதி தாண்டலையே, யூ.ஐ.என்.னு ஒவ்வொரு லைசென்ஸ்காரருக்கும் தர்ற தனி நம்பர் ஏறியிருக்கா. ரெண்டுல எது இல்லைன்னாலும் வேற பேச்சுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ்ல அதைச் சரி பண்ணணும்.

எலக்‌ஷன் விஷயத்தை நீங்களே சொல்லிட்டீங்க. பாராளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சின்னு ஒவ்வொரு தடவையும் ஒப்படைக்கச் சொல்வாங்க, வாரக்கணக்குல அது உங்க வீட்ல இருக்காது. எங்களை மாதிரி பேங்க் கன்மேன்களுக்கு விலக்கு கேட்டு வாங்கித் தருவாங்க, வீட்டுக்காரங்களுக்கு அது கஷ்டம்.

தாத்தா காலத்துத் துப்பாக்கின்னா எனக்கு வேற ஒரு கவலை. அந்தக் கால இங்கிலீஷ் துப்பாக்கி பலதுல தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான், சுமார் 65 மில்லி. இன்னைக்குக் கடையில கிடைக்கறது 70 மில்லி. போட்டா உள்ள போயிடும், அதான் வம்பே. வெடிக்கும்போது தோட்டாவோட மடிப்பு விரிய இடமில்லாம குழல் தொண்டையில அடைச்சு அழுத்தம் ஏறும். குழலைக் கழட்டித் திருப்பினா அடியில தட்டையான இடத்துல முத்திரை குத்தியிருக்கும், அதைக் கடைக்காரரைப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. குழல் மேல மரக் கோடு மாதிரி சுருள் சுருளா வரி தெரிஞ்சா அது டமாஸ்கஸ் குழல், இப்பத்த வெடிமருந்துக்குத் தாங்காது. அந்த மாதிரி இருந்தா லைசென்ஸை மட்டும் மாத்திட்டு, வேற வாங்க அனுமதி கேளுங்க.

கொல்லைவீடு:

அப்பாகிட்ட கேட்டேன், கடை ரசீது டிரங்குப் பெட்டியில இருக்காம். வரிவரியா இருந்த மாதிரித்தான் ஞாபகம்ங்கறாரு. ரசீதையும் லைசென்ஸ் புத்தகத்தையும் போட்டோ எடுத்துப் போடட்டா, பாத்துச் சொல்றீங்களா?

பாபநாசம் ஹவில்தார்:

இங்க போடாதீங்க. பேரு, விலாசம், துப்பாக்கி நம்பர், எந்தக் கடையில இருக்குன்னு எல்லாம் அதுல இருக்கும். அப்பாவைக் கூட்டிக்கிட்டு, ரசீது, புத்தகம் ரெண்டையும் எடுத்துக்கிட்டு நேரா கடைக்குப் போங்க. மத்தியானத்துக்கு மேல போனா அவங்களுக்கு ரெஜிஸ்டர் எடுத்துப் பார்க்க நேரம் இருக்கும்.