350 இன்ஜினுக்கு 240 டிகிரி கேம்ஷாஃப்ட் பொருந்துமா? (புனைபெயர்களில் மூவர் நடத்தும் உரையாடல்)

பழைய கமேரோ: என்னுடைய 1975 செவ்ரோலே கமேரோ காரில் உள்ள 350 கன அங்குல இன்ஜினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் விகிதம்) 8.5:1. கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக், பின் அச்சு விகிதம் 2.73. 0.050 அங்குல லிஃப்டில் (கேமின் மேட்டின் மேல் ஊர்ந்து வால்வை இயக்கும் லிஃப்டரின் உயர்வில்) அளந்த 240 டிகிரி ட்யூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் கோணம், உள்ள கேம்ஷாஃப்டைப் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை) போடலாமா?

உச்ச சுழற்சி: தாராளமாகப் போடுங்கள். 1967 முதல் 1969 வரையிலான இசட்/28 கமேரோவில், இதைவிடச் சிறிய 302 இன்ஜினுக்கே செவ்ரோலே 254 டிகிரி கேமைக் கொடுத்தது. கொள்ளளவு கூடினால் அதே கேமின் முரட்டுத்தனம் தணியும் என்பதால், உங்கள் இன்ஜின் 240-ஐ எளிதாகத் தாங்கும்.

பின் அச்சு: இதை நான் உறுதியாக மறுக்கிறேன். அந்த இசட்/28-இன் கம்ப்ரஷன் 11:1. நான்கு கியர் மேனுவல் பெட்டியுடன் மட்டுமே அது விற்கப்பட்டது. ட்யூரேஷன் நீளும்போது இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், குறைந்த வேகத்தில் மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியை மேனிஃபோல்டுக்கே திருப்பித் தள்ளிவிடும், ஏற்கெனவே 8.5 ஆக இருக்கும் கம்ப்ரஷன் நடைமுறையில் இன்னும் இறங்கிப்போகும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது கார் தவிக்கும். ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் கோணம்) கூடுவதால் ஐடிலிங்கில் வேக்யூம் குறைந்து, அதனால் இயங்கும் பிரேக் பூஸ்டரும் வலுவிழக்கும். இது திறனைப் பற்றிய விருப்பு வெறுப்பு அல்ல, உயிர்ப் பாதுகாப்பு.

உச்ச சுழற்சி: தாமதமாக மூடும் அதே வால்வுதான், 5,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் விரைந்து வரும் காற்றின் உந்தத்தால் சிலிண்டரை நிறைக்கிறது. அந்தப் பாதியைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. எரியறை 76 சி.சி. உள்ள சிலிண்டர் ஹெட்டை நீக்கி 64 சி.சி. ஹெட்டைப் போட்டால், கம்ப்ரஷன் ஏறத்தாழ 9.5-ஐத் தொடும்.

பின் அச்சு: அப்படியானால் ஹெட், ஸ்டால் வேகம் கூடிய டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைப்பது), 3.73 பின் அச்சு கியர் ஆகிய மூன்றும் முதலில் வரட்டும். 2.73 கியரில் நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜின் நீங்கள் புகழும் 5,000-ஐ எட்டிக்கூடப் பார்க்காது. 11:1 கம்ப்ரஷன் இருந்தும், 350 குதிரைத்திறன் தந்த எல்79 இன்ஜினுக்கு செவ்ரோலே 222 டிகிரியே போதும் என்று நிறுத்திக்கொண்டது.

பழைய கமேரோ: ஹெட்டை மாற்ற இப்போது வசதியில்லை, காரை நாள்தோறும் ஓட்டுகிறேன்.

பின் அச்சு: 215 டிகிரியைத் தாண்டாதீர்கள், லோப் சென்டர் கோணம் (கேமின் இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளுக்கு இடையிலான கோணம்) 112 இருக்கட்டும். புதிய லிஃப்டுக்கு ஏற்ற வால்வு ஸ்பிரிங்கையும் லிஃப்டர்களையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய லிஃப்டர் புதிய லோபைத் தேய்த்துவிடும்.

உச்ச சுழற்சி: நாள்தோறும் ஓட்டுவதாயின் 240-ஐ வற்புறுத்த மாட்டேன், ஆனால் என்றேனும் ஹெட்டை மாற்றும் எண்ணம் இருந்தால், அதுவரை பொறுத்திருந்து இரண்டையும் ஒன்றாக வாங்குவதே மேல் என்பேன்.