புதுப்பிப்பு: பாக்கெட் ஹோல் மெஷினா, ஜிக்கா? கடைசியில் வாங்கியது

அம்பத்தூரில் இருக்கும் என் சின்னப் பட்டறைக்கு பாக்கெட் ஹோல் (இரண்டு பலகைகளை ஸ்க்ரூவால் இணைக்கச் சரிவாகப் போடும் துளை) போட மோட்டார் வைத்த மெஷின் வாங்கலாமா, ஜிக் (ட்ரில் பிட்டைச் சரியான சரிவில் பிடித்துக் கொடுக்கும் கருவி) போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "மாதம் நாலைந்து கிச்சன் கேபினட்டுக்கு மெஷின் வேண்டாம், மேசையில் பொருத்தும் ஜிக் போதும்" என்று பதில் போட்ட ஓர் அண்ணனின் யோசனைப்படி ஜிக்கே வாங்கினேன். சரியான முடிவு. 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 15 டிகிரி சரிவில் துளை, 32 மி.மீ. ஸ்க்ரூ, இணைப்பு அசையவே இல்லை.

எதிர்பாராதது தேக்கு. பிளைவுட்டுக்குப் போடும் அகல மரை ஸ்க்ரூவை (மரைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம்) முறுக்கியதும் சட்டத்தின் முனையில் மயிரிழை போல விரிசல் ஓடியது. நெருக்க மரை ஸ்க்ரூவுக்கு மாறினேன். அப்புறம் ஒன்றுகூடப் பிளக்கவில்லை. ட்ரில் பிட்டின் காலரையும் (துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்று நிறுத்தும் வளையம்) அவ்வப்போது இறுக்கிப் பாருங்கள். எனக்கு அது நழுவித் துளை ஆழமாகிவிட்டது, ஸ்க்ரூ நுனி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது.