6 வருஷம் காத்த ஸ்லிப்பர் பூவும் ஒரு வெள்ளிக்கிழமையும்

ஈசூன் தாழ்வாரம்:
இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. 2017இல் நிவியம் என்ற ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒரு பிளாஸ்க் (அகர் ஜெல்லியில் நாற்று வளர்த்த மூடிய பாட்டில்) வாங்கினேன், உள்ளே 20 நாற்று இருந்திருக்கும். அகரைக் கழுவி, பாசியில் ஒன்றாக நட்டு, அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான்: முதல் மாதமே பாதி அழுகல், சர்க்கிட் பிரேக்கர் (இங்கே சிங்கப்பூரில் 2020 கொரோனா ஊரடங்கு) முடிவதற்குள் மீதி நாலு, 2022இல் ஒன்றே ஒன்று. இலை மட்டும் அழகு, மேலே சாம்பல் பச்சைத் திட்டு, அடியில் கத்தரிக்காய் நிறம். அடுத்த வருஷம் நடு இலைக்குள் மொட்டு தலை காட்டியது. தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

அன்று வியாழன், எனக்கு நைட் ஷிப்ட். போகும்போது மேலிதழ் விரிந்துவிட்டது, பூ நடுவில் இருக்கும் பை இன்னும் முழுசாக உப்பவில்லை. காலையில் லிப்டை விட்டு இறங்கித் தொட்டியைப் பார்த்தால் தண்டு மட்டும் நிற்கிறது, நகத்தால் கிள்ளிய மாதிரி. வீட்டுக்குள் முருகன் படத்துக்கு முன்னால் சின்ன எவர்சில்வர் டம்ளர், அதில் என் பூ, முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் பை, இதழில் பொடிப்பொடியாக ஊதாப் புள்ளி. கற்பூரத் தட்டோடு திரும்பிய அத்தை, "வாங்க மாப்ள, வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்க செடி மொதப் பூ, சாமிக்கு வச்சிட்டேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "நல்லாருக்கு அத்தை" என்று விபூதி பூசிக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். ஷவரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

பாசிர்ரிஸ் பால்கனி:
எனக்கும் இப்படித்தான், ஆனால் மாமியார் இல்லை, மழை. விடியற்காலை சுமத்ரா காற்றோடு சாரல் அடித்து இலை நடுவில் தண்ணீர் தேங்கிவிட்டது, இரண்டு நாளில் மொட்டைத் தொட்டால் கோப்பித் தண்ணீர் மாதிரி வழிகிறது.

அதனால் சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். நிவியத்துக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், சிப்பி ஓட்டை நொறுக்கி மரப்பட்டையோடு கலந்து போடுங்கள். வெறும் பாசியில் வைத்தால் நம் ஊர் ஈரத்துக்கு வேர் மூச்சுத் திணறிப் போகும், உங்கள் 19 நாற்றும் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். தண்ணீர் காலையில் மட்டும், இலை நடுவில் நின்றால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தொட்டிக்கடியில் தட்டு வைக்கவே வேண்டாம், கொசுப் புழு இருந்தால் அபராதம். ஒரு தளிர் ஒரே ஒரு முறைதான் பூக்கும், பூத்த தளிரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் பக்கத்தில் வரும் புதுக் குருத்துக்கு உரம் கொடுங்கள், அதையும் பாக்கெட்டில் போட்ட அளவில் கால்வாசி. ஜோகூர் பாரு போய் ஒரு செடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பாஃப் (பாஃபியோபெடிலம், நிவியம் சேர்ந்த இனம்) மொத்தமும் அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இன்னொன்று, உண்மையைச் சொன்னால் இந்தச் செடிகள் நம் சூட்டுக்கு ஏற்றவை இல்லை. வீட்டில் விதை போடுவதெல்லாம் வேண்டாத வேலை, லேப் இல்லாமல் நடக்காது.

குக்கர்காரன்:
பால்கனி அண்ணே, அழுகிய கதை இரண்டு வரி, பாடம் இருபது வரியா? நிவியம் லங்காவிப் பக்கம் கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் வளர்வது, அங்கே என்ன ஏர்கோனா ஓடுகிறது? குளிர் ராத்திரி கேட்பது அந்தப் பெரிய வட்டப் பூ கலப்பினங்கள்தான்.

லேப் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்க்கிட் விதைக்குள் சாப்பாடு கிடையாது, காட்டில் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த அகர் போதும் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் நட்சன் 1922இல் காட்டினார். அந்த முறையில்தான் நம் பொட்டானிக் கார்டனில் அப்போதைய இயக்குநர் ஹோல்ட்டம் கலப்பினம் வளர்த்தார், 1931இலேயே அங்கே ஸ்பத்தோகிளாட்டிஸ் பிரிம்ரோஸ் என்ற கலப்பின ஆர்க்கிட் பூத்துவிட்டது. ஏர்கோன் காலத்துக்கு முந்தின கதை அது.

என் வீட்டில் சாம்பார் குக்கர்தான் லேப். 12 பாட்டில் அகர் அவித்து, பச்சைக் காயைக் குளோராக்ஸ் பிளீச்சில் கழுவி, மூச்சை அடக்கிக்கொண்டு விதை தூவினேன். பாஃப் விதைக்கு முதலில் இருட்டு வேண்டும், அதனால் பாட்டில் எல்லாம் மனைவியின் சேலை அலமாரிக்குள். மூன்றே வாரத்தில் 11 பாட்டிலில் பூசணம், தூக்கிப் போட்டேன், பன்னிரண்டாவதை மறந்தே போனேன். தீபாவளிக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போனவள் "இங்க என்னங்க ஒண்ணு முளைச்சிருக்கு" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அகர் மேல் வெள்ளை வெள்ளையாக, கசகசா மாதிரி (அதை இந்த ஊரில் கண்ணால் பார்த்து எத்தனை வருஷமோ, தடை). அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். 5 வருஷமாகிறது, 7 செடி இருக்கிறது, ஒன்றுகூடப் பூக்கவில்லை. பூப் பார்க்காதவன் பேசலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்.

பாசிர்ரிஸ் பால்கனி:
12இல் 11 போயிற்று என்று நீங்களே சொல்லிவிட்டு என்னோடு ஏன் சண்டை?

தேக்கா அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் ஊதா நிற மோடியே (அதுவும் ஒரு பாஃப் கலப்பினம்) என்று எழுதியிருந்த பிளாஸ்கை நம்பி வாங்கி, 5 வருஷம் கழித்துப் பூத்தது பச்சைக் கோடு போட்ட வெள்ளை. விற்றவரிடம் கேட்டால் விதை நாற்று என்றால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரிதான் என்கிறார், அதுவும் நிஜம்தான், வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை.

ஈசூன் தம்பி, எனக்கு ஒரே சந்தேகம். அந்தப் பூவின் பேர் செருப்புப் பூ என்று அத்தைக்குத் தெரியுமா? செருப்பையா சாமி படத்துக்கு வைத்தார்?

ஈசூன் தாழ்வாரம்:
அக்கா, அதுதான் இன்னும் உறுத்துகிறது. டம்ளரில் இரண்டு வாரத்துக்கு மேல் வாடாமல் நின்றது. தினமும் தண்ணீர் மாற்றினார், வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். பேர் என்ன மாப்ள என்று ஒருநாள் கேட்டார், வெள்ளை ஆர்க்கிட் என்று சொல்லிவைத்தேன். இப்போது பக்கத்தில் புதுக் குருத்து விரல் நீளம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு முன்னால் அவர்தான் போய்ப் பார்க்கிறார்.