பதில்: நாடகத்தை விட்டு இறங்கிவரும் வரிக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

நாடகத்திலிருந்து பிரிந்து சனத்தின் பேச்சில் புழங்கும் வரிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு ரீச்சர் முன்வைத்த 'புகழ்வரி'யை என்னால் ஏற்க முடியவில்லை. புகழ் விளைவுதானே. ஒரு நாடகம் முழுக்க வரிகள் இருக்க, ஒன்றிரண்டு மட்டும் மேடையை விட்டு இறங்கிச் சனத்தின் வாயில் புழங்குவது ஏன் என்பதைத் தொடுகிற சொல் வேண்டும். 'மேற்கோள்வரி'யும் சரிவராது, அது கட்டுரை எழுதுபவர் தேடி எடுப்பது, கோபத்தில் ஒருவருக்குத் தானாக வாயில் வருவது வேறு.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையைப் பாருங்கள். 'யானோ அரசன் யானே கள்வன்' சிலப்பதிகாரத்தைத் திறந்தே பார்க்காத பலருக்கும் தெரியும். அடுத்த அடி, 'மன்பதை காக்கும் தென்புலங் காவல்', எத்தனை பேருக்கு ஞாபகம்? இரண்டும் அதே பாண்டியன் ஒரே மூச்சில் சொன்னவை. முதலாவது நாலே சொல், அரசனும் கள்வனும் எதிரெதிரே நிற்கிறார்கள், கதை தெரியாதவருக்கும் பொருள் விளங்கும். மற்றது அதற்கடுத்த அடியின் 'என்முதற் பிழைத்தது' வந்து சேரும்வரை தொங்கிக்கொண்டே இருக்கும். தொல்காப்பியர் முதுமொழிக்கு, அதாவது பழமொழிக்கு, சொன்ன நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, எண்மை (எளிமை) நான்கும் முதலடிக்கு அப்படியே பொருந்துகின்றன.

ஆனால் வரியின் திறமை மட்டும் போதாது, அதைச் சுமப்பவரும் வேண்டும். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் பலருக்கும் தெரிந்தது 'நீராருங் கடலுடுத்த' மட்டும்தான். அது பாத்திரம் பேசுவதுகூட இல்லை, முன்னால் வரும் வாழ்த்து. 1970இல் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டதால் ஊரெல்லாம் போனது. ஷேக்ஸ்பியரின் ஹம்லட் நாடகத்தின் 1603ஆம் ஆண்டுப் பதிப்பில் 'இருப்பதா இல்லாமற் போவதா' என்பதற்குப் பின்னால் 'அதுதான் விடயம்' என்ற பொருளில் வரும். அது நிலைக்கவில்லை. அடுத்த பதிப்பின் 'அதுவே கேள்வி'தான் அச்சிலும் மேடையிலும் நின்றது. எங்கட முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் அந்தச் சுமையைப் பிற்பாட்டுக்காரர் தூக்குகிறார்கள். ஆடுபவர் பாடியதை அவர்கள் திருப்பிப் பாடப் பாட, விடியும்போது பார்த்திருந்த சனத்துக்கும் அது பாடமாகிவிடும்.

ஆகவே இரண்டு சொல் கேட்கிறேன். வரிக்குள் இருக்கும் பண்புக்கு 'வழங்குதிறன்', உண்மையில் புழக்கத்துக்கு வந்துவிட்டதற்கு 'வழங்குரை'. 'வழங்குவரி' வேண்டாம், அரச கச்சேரியில் கட்டும் வரிப்பணம் போல ஒலிக்கிறது. வழக்குரையோடு குழம்பும் என்பீர்கள். இடம் பார்த்தால் பிரித்தறியலாம்.

இன்னொன்று. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிடுவோம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்கள் அங்கே வரும் பழைய கூத்துக்காரரிடம் கேட்டு எழுதுங்கள்.