மகளின் கோல் ஏன் ஆஃப்சைட்? துரோ-இன் ஏன் எதிரணிக்குப் போனது?

ஈசூன்_அம்மா:
வணக்கம். மகள் உயர்நிலை 1. இவ்வளவு நாள் புளோக்கிற்குக் கீழே இருக்கும் ஸ்ட்ரீட் சாக்கர் திடலில்தான் ஆடினாள். இப்போதுதான் பெரிய திடலில் 11 பேர் கால்பந்து ஆட்டம். அவள் அடித்த கோலை நடுவர் ஆஃப்சைட் என்று சொல்லிவிட்டார். பந்து காலுக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்களே? வெளியே போன பந்தைக் கையால் எறியும் துரோ-இன்னும் இரண்டு தடவை எதிரணிக்குப் போனது. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கோட்டோரம்:
பந்து காலுக்கு வந்த நேரத்தைப் பார்க்காதீர்கள். தோழி பந்தை உதைத்தாளே, அந்த நொடிதான் கணக்கு. அப்போது பந்தையும் தாண்டி, கடைசிக்கு முந்திய எதிரணி ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்குக் கிட்டே நின்றிருந்தால் ஆஃப்சைட் நிலை. பந்து வந்து சேர்வதற்குள் தற்காப்பாளர்கள் ஓடிவந்து முன்னால் நின்றுவிடுவார்கள். நீங்கள் பார்த்த இரண்டு பேர் அப்படி வந்தவர்களாகத்தான் இருக்கும்.

மேசையில் காசு வைத்துக் காட்டுங்கள். மேசை விளிம்பு கோல் கோடு. அதை ஒட்டி ஒரு 1 வெள்ளிக் காசு, அது கோல் காப்பாளர். ஒரு சாண் தள்ளி இரண்டு 20 காசு, தற்காப்பு. அவற்றுக்கும் கோல் காப்பாளருக்கும் நடுவில் ஒரு 10 காசு, உங்கள் மகள். விளிம்பிலிருந்து தற்காப்பையும் தாண்டித் தள்ளி, தோழிக்கு இன்னொரு 10 காசு, பந்துக்கு ஒரு கொண்டைக்கடலை. தோழி கடலையைத் தட்டும் அந்தக் கணமே "நில்" என்று சொல்லி, மகளை எண்ணச் சொல்லுங்கள்: விளிம்புக்கும் எனக்கும் நடுவில் எதிரணிக் காசு எத்தனை? ஒன்றுதான் என்றால் ஆஃப்சைட். இரண்டு என்றால் இல்லை. 20 காசுக்குச் சரிசமமாக நின்றாலும் இல்லை. பிறகு அவளை 20 காசுக்குத் தோழி இருக்கும் பக்கம் வைத்து, கடலை உருண்ட பின் ஓடவிடுங்கள். கோலுக்கு எவ்வளவு கிட்டே போய் வாங்கினாலும் தப்பில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

எண்ணும்போது கோல் காப்பாளரும் ஓர் ஆள்தான். அவர் முன்னேறி வந்துவிட்டால், பின்னால் ஒரே ஒரு தற்காப்பாளர் நிற்பது போதாது. தலை, உடல், கால் மட்டுமே கணக்கு, கை வராது. சொந்தப் பாதியில் நின்றால் ஆஃப்சைட் கிடையாது. துரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராக வாங்கும் பந்துக்கும் கிடையாது. ஃப்ரீ கிக்கிற்கு உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிடோக்_கோச்:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்: அந்த நிலையில் சும்மா நிற்பது குற்றமில்லை. பந்தைத் தொட்டாலோ, கோல் காப்பாளரின் பார்வையை மறைப்பதுபோல எதிரணிக்கு இடையூறு செய்தாலோதான் துணை நடுவரின் கொடி ஏறும். தோழி அடித்த பந்து கம்பத்தில் பட்டோ கோல் காப்பாளர் தடுத்தோ திரும்பி வரும்போது அதை அடித்தாலும் ஆஃப்சைட்தான். தோழி அடித்த நொடியில் எங்கே நின்றாள் என்பதே கேள்வி.

ஸ்ட்ரீட் சாக்கரில் ஆஃப்சைட் பார்ப்பதில்லை, அதனால் கோலுக்குக் கிட்டே நின்று காத்திருப்பது பழகிப்போகும். துரோ-இன்னுக்கும் இதே கதைதான். ஸ்ட்ரீட் சாக்கரைப் போலச் சிறிய திடலில் ஐவர் ஆடும் ஃபுட்சாலில் வெளியே போன பந்தைக் காலால்தான் உள்ளே அனுப்புவார்கள், எறிந்தே பழக்கம் இருக்காது.

எறியும்போது திடலைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ வெளியே தரையிலோ பட்டிருக்க வேண்டும். இரு கைகளாலும் பிடித்து, தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, பந்து வெளியேறிய இடத்திலிருந்து எறிய வேண்டும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் பின்காலில்தான். தூரம் வேண்டும் என்று உந்தும்போது அந்தக் கால் காற்றில் எழும்பிவிடும். துரோ உடனே எதிரணிக்கு. ஓடிவந்து எறியட்டும், ஆனால் பின்கால் பெருவிரல் புல்லைத் தேய்த்துக்கொண்டே வரட்டும். அடுத்த தவறு, பந்தை நெற்றிக்கு முன்னாலிருந்து கீழே போடுவது. கட்டைவிரல்கள் பிடரியைத் தொட்ட பிறகுதான் எறிய வேண்டும் என்று பழக்குங்கள், சரியாகிவிடும்.

எதிரணி 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எறிந்த பந்தை வேறு யாரும் தொடுமுன் அவளே தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோல் அடிக்க முடியாத உதை.

ஈசூன்_அம்மா:
காசு வைத்துக் காட்டினேன், இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டாள். மிக்க நன்றி. இன்னொன்று: பந்து கோட்டின் மேல் இருந்தால் வெளியா?

கோட்டோரம்:
இல்லை. கோடும் திடலின் பகுதிதான். பந்து முழுவதும் கோடு முழுவதையும் தாண்டினால்தான் வெளியே. கோலுக்கும் அதே அளவுதான். 5ஆம் எண் பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ. அது தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு வெளியே இருந்தாலும், நேர் மேலிருந்து பார்த்தால் அதன் வயிறு கோட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது ஆட்டம் நிற்காது. பக்கவாட்டில் சாய்வாகப் பார்ப்பவருக்கு வெளியே போனதுபோலத் தெரியும். விசில் வரும்வரை ஓடச் சொல்லுங்கள்.